உள்ளே விட்ட ஒன்றரை அங்குலம்

ஜூலை 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ போனை எடுக்கமாட்டாய் என்று தெரியும். பதினேழு முறை அடித்துப் பார்த்துவிட்டேன். பதினெட்டாவது முறை நம் பக்கத்து பட்டன் கடைக்காரர் எடுத்து, "தங்கச்சி கடையில இல்லைன்னு தங்கச்சியே சொல்லச் சொன்னாங்க" என்றார். பொய் சொல்ல ஆள் பிடிக்கும்போது கொஞ்சம் தேர்ந்தெடுத்துப் பிடிக்கக் கூடாதா?

அதனால்தான் கடிதம். இதை நீ நடுவில் வெட்டிவிட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்க மாட்டாய். எந்தத் தாளைப் பார்த்தாலும் காலர் பேட்டர்ன் எடுக்க ஆகும் என்று எடுத்து வைக்கிற ஜாதி நீ.

என் மேல்தான் தப்பு. நாற்பத்தாறு வயதில் நுழைவுத் தேர்வு எழுதியது ஒரு தப்பு. இடம் கிடைத்த கடிதம் கடைக்கு வந்தபோது "தையல் மிஷின் கம்பெனி விளம்பரம்" என்று சொல்லி டிராயரில் தள்ளியது இரண்டாவது தப்பு. மூன்றாவதுதான் பெரியது: இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற உன்னிடம் சொல்லாமல், பட்டன் கடைக்காரரிடம் சொன்னேன். காரணம் கேட்டால் சிரிப்பாய். அவர் சிரித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. நீ சிரித்திருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்தேன். அறுபது பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் ஒரு கௌரவத்துக்காகக் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, கடைசி மேசையில் போய் உட்கார்ந்தேன். நிஜமான பேராசிரியை வந்தபோது ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அன்றே என்னைக் குறித்துக்கொண்டார்.

கட்டடக்கலை என்றால் வரைவது என்று நினைத்திருந்தேன். இங்கே வரைவதைவிட வெட்டுவதுதான் அதிகம். நீளமான மேசைகள், அட்டை, பசை, ரம்பம், தரை முழுக்கத் துண்டு துணுக்கு. நம் கடைதான், நூலுக்குப் பதில் மரத்தூள். "கையால செஞ்சு பாருங்க, அப்புறம் பேசலாம்" என்பதுதான் பேராசிரியையின் ஒரே பாடம். முதல் வேலை: பசை இல்லாமல், வெறும் அட்டையில் ஒரு நாற்காலி. செய்தவர் அதில் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். என்னுடையது ஒன்பது நிமிஷம் தாங்கியது. மற்றவர்கள் எல்லாம் நாற்பத்தைந்து கிலோ. இதை நான் மதிப்பெண் போடுகிறவர்களிடம் எடுத்துச் சொன்னேன், ஏற்கவில்லை.

ஒரு விஷயம். என்னை வயது தாண்டிய சிறப்பு அனுமதியில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆண்டுக் கடைசியில் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு பொருளை நிஜ அளவில் கட்ட வேண்டும். அதில் தேறினால் இரண்டாம் ஆண்டு. தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மறுபடி பரீட்சை எல்லாம் பிள்ளைகளுக்கு, எனக்கில்லை.

பதில் போடு. திட்டியாவது.

அண்ணன்

*

ஜூலை 21

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் நலம் என்று அறிந்தேன். நாங்கள், அதாவது நானும் மூன்று மிஷின்களும், நலம். இரண்டாவது மிஷின் கத்துகிறது. அதற்கு எந்த எண்ணெய் ஊற்றுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

டாக்டரின் கோட்டு பேட்டர்னை எங்கே வைத்தீர்கள்? பல் டாக்டர் அல்ல, கண் டாக்டர். தொப்பை உள்ளவர்.

கடைப் பலகையில் "அண்ணன் தங்கை தையலகம்" என்பதில் "அண்ணன்" மேல் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி மூடிவிட்டேன். வருகிறவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்ப ஆச்சு?" என்று கேட்கிறார்கள். நான் ஜூன் மாதம் என்கிறேன்.

உங்கள் வெட்டுமேசை மே மாதம் முப்பத்தொன்று வரை காலியாக இருக்கும். அதற்குப் பிறகு எதிர்க்கடை கட்டிங் மாஸ்டர் வந்து நிற்பார். அவரிடம் பேசிவிட்டேன். எனக்கு வெட்டத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வெட்டி நான் தைத்துத்தான் பழக்கம். அது தெரிந்தேதான் போனீர்கள்.

நான் சிரித்திருக்க மாட்டேன்.

தங்கை

*

செப்டம்பர் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஏழெட்டு இடத்தில் "நீங்கள்" போட்டிருக்கிறாய். கோர்ட்டிலிருந்து வந்த நோட்டீஸோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு தடவை "டேய்" என்றாவது எழுது, உடம்பு தேறிவிடும்.

கண் டாக்டர் பேட்டர்ன், அயர்ன் மேசைக்கு அடியில். அவருடையதைச் சுருட்டி வைக்க முடியாது. அதனால் விரித்துப் போட்டு மேலே மேசையை வைத்தேன். மிஷினுக்கு எண்ணெய் கேட்கவில்லை, பெல்ட்டை மாற்று.

இங்கே என் மானம் போன கதை கேள். ஒரு சின்ன வீட்டை அட்டையில் செய்து வரச் சொன்னார்கள். நிஜ அளவில் இருபதில் ஒரு பங்கு. நாலு சுவர், ஒரு கூரை. கத்தரியோ கத்தியோ, வெட்டுவதில் என்னை யார் மிஞ்ச முடியும்? நிமிர்ந்து கொண்டுபோய் வைத்தேன். பேராசிரியை குனிந்து பார்த்தார். சுற்றி வந்தார்.

"இந்தச் சுவரெல்லாம் ஏன் மூலையைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு?"

நானும் பார்த்தேன். நாலு பக்கமும் அரை அங்குலம் அதிகம். நிஜ வீட்டில் அது பத்து அங்குலம். கை வழக்கப்படி செய்திருக்கிறது, எனக்கே தெரியாது.

"தையலுக்கு விட்டிருக்கேன், மேடம்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல், "ஏன்?" என்று கேட்டாள். அவள் எதற்கும் ஏன் என்று கேட்பாள். அவள் பெயரே "ஏன்" ஆகிவிட்டது. எனக்கும் பெயர் வைத்துவிட்டார்கள்: டெய்லர் அங்கிள். ரகசியமாக வந்தேன், கடைசியில் பலகையே மாட்டிவிட்டார்கள்.

நீ சிரித்திருக்க மாட்டாய் என்று எழுதியதை நாலு முறை படித்தேன்.

அண்ணன்

*

அக்டோபர் 2

அண்ணனுக்கு,

பெல்ட் மாற்றினேன். கத்தலை நிறுத்திவிட்டது.

கடையில் ஆளில்லாதபோது ஒரு முறை சிரித்தேன். சுவருக்குத் தையல் விட்டதற்குத்தான். சமாதானம் ஆகிவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. போனில் பேசினால் நீ ஐந்தாவது வார்த்தையிலேயே சிரிக்க வைத்துவிடுவாய், நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவேன். அதனால்தான் எடுப்பதில்லை.

கண் டாக்டர் கோட்டை எதிர்க்கடை மாஸ்டரிடம் கொடுத்து வெட்டினேன். தையலுக்கு அரையே அங்குலம் விட்டிருக்கிறார். நீயாக இருந்தால் ஒன்றரை விட்டிருப்பாய். டாக்டர் அளவு கொடுத்த பிறகு இன்னும் பெருத்து வந்து நின்றார். பிரித்து விட உள்ளே துணியே இல்லை. அவர் கோட்டைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

உன் கத்தரி என் கைக்குப் பெரிது. எடுத்துப் பார்த்தேன். வைத்துவிட்டேன்.

தங்கை

*

மார்ச் 11

தங்கச்சி,

மேசையை அந்த மாஸ்டருக்குக் கொடுத்துவிடாதே. நான் வந்துவிடுவேன் போலிருக்கிறது.

விளையாட்டாக எழுதவில்லை. விஷயம் இதுதான். கல்லூரி வாசலில் பஸ் நிற்கும் இடத்தில் நீளமான கல் பெஞ்சு ஒன்று இருக்கிறது. வெயில், மழை எல்லாம் நேராக அதன் மேல்தான். அதற்கு ஒரு கூரை போடுவதுதான் எங்கள் ஐவருக்கும் வந்த கடைசி வேலை. பன்னிரண்டு பேர் உட்கார வேண்டும், ஒருவரும் நனையக் கூடாது. எங்கள் யோசனை நன்றாகவே இருந்தது. மெல்லிய பிளைவுட்டை வளைத்து, பெஞ்சுக்குப் பின்னாலிருந்து எழுந்து தலைக்கு மேல் கவிகிற மாதிரி, ஒன்பது வளைவுகள் பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றும் இரண்டடி அகலம். தூக்கி நிறுத்திய காலர் என்று வைத்துக்கொள். மெல்லிய பலகை தானாக நிற்காது. உள்ளே விலா எலும்பு மாதிரி நீளச் சட்டங்கள் வேண்டும்.

ஒரு குழுவுக்கு நாலடி அகலத்தில் ஒன்பது பலகைதான். கூடுதல் கிடையாது. ஐந்தில் ஒன்பது வளைவும் வெட்டிவிடலாம், மீதி நாலு விலாவுக்கு. பக்கத் தடுப்புக்கு மிச்சத் துண்டுகள்.

"அங்கிள் கை கத்தரிக் கை, அவரே வெட்டட்டும்" என்று பிள்ளைகள் என்னிடம் விட்டுவிட்டு வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள். நானும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன். பாதியில் பலகை பற்றவில்லை. பற்றாமல் போனதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எவனிடமாவது துணி பற்றும் என்று சொல்லியிருக்கிறேனா? விலாவுக்கு வைத்ததையும் எடுத்தேன். ஒன்பதும் முடிந்தது. ஓரத்தில் விழுந்த நீளத் துண்டுகளை, பாக்கெட்டுக்கும் பட்டிக்கும் வெட்டுகிற கை சும்மா இருக்குமா, ஓரடி ஓரடியாக நறுக்கிப் பக்கத் தடுப்புக்கு அடுக்கிவிட்டேன்.

எங்கள் குழுவில் இருக்கிற "ஏன்" வந்து அளந்து பார்த்தாள். "அங்கிள், ரெண்டடி இல்லை. இருபத்தேழு அங்குலம் இருக்கு. ஏன்?"

இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை. கோட்டுக்கு விடுகிற அளவு.

ஓரத்தைச் சீவிவிடலாம், ஆனால் விலாவுக்கு ஒரு நீளத் துண்டு மிச்சமில்லை. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பையன் தன் டீயை என் பக்கம் நகர்த்தி, "குடிங்க அங்கிள்" என்றான். அவர்களுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு. எனக்கு இல்லை. அதைவிட, அவர்களுடைய ஒரு வருஷ உழைப்பையும் வெட்டிப் போட்டுவிட்டேன். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி நடுவர்கள் வருகிறார்கள்.

பட்டன் கடைக்காரரிடம் இப்போது சொல்ல வேண்டாம். அவரும் சிரிக்க மாட்டார், அதுதான் பயம்.

அண்ணன்

*

மார்ச் 16

டேய்,

பொட்டலத்தைத் திறந்து, உள்ளே இருப்பதை முதலில் தடவிப் பார். பசை இல்லை, டேப் இல்லை. மெல்லிய அட்டையை வளைத்து, ஓரத்தின் மேல் ஓரத்தை ஏற்றி, மெழுகு நூலில் தைத்திருக்கிறேன். இப்போது மேலே கையை வைத்து அழுத்து. உன் முழு பலத்தையும் போடாதே, நாற்காலிக்கு நடந்தது நினைவிருக்கட்டும். அமுங்குகிறதா? அமுங்காது. ஒற்றை அட்டை துவளும். இரண்டாக ஏறிய இடம் விறைத்து நிற்கும். சட்டையில் ஓரம் மடித்துத் தைத்த இடம் எது, மடிக்காத இடம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாயே, அதே கதைதான்.

விலா எதற்கடா உனக்கு? தையலுக்கு விட்டாய் அல்லவா? தைத்துத் தொலை.

மூளையைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் நேற்று மேசையைத் துடைக்கும்போது கண்டெடுத்தேன், அனுப்பியிருக்கிறேன்.

கேட்டுக்கொள். ஒன்று, பலகையில் ஊசி இறங்காது. முதலில் துளை போடு. இரண்டு, துளை இரண்டு வரிசை. ஒரு வரிசையில் தை, இன்னொன்று சும்மா இருக்கட்டும். ஏன் என்று அந்தப் பெண் கேட்பாள். மனிதர்கள் பெருப்பார்கள் என்று சொல். மூன்று, நூலை நீ இழுக்காதே. உன் தையல் எப்போதும் தளர்வு. பிள்ளைகளை இழுக்கச் சொல்.

நீ தோற்றுப்போய் வந்தால் அந்த மேசையை உனக்குத் தர மாட்டேன். தேறிவிட்டு வேண்டுமானால் விடுமுறைக்கு வா.

தங்கை

*

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய அட்டை வளைவை மேசை நடுவில் வைத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக அழுத்திப் பார்த்தார்கள். பிறகு பேராசிரியை வந்து அழுத்தினார். பிறகு அவர் அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்தார். பிறகு இரண்டு. நாலாவது செங்கல்லுக்கு, "இதை யார் செஞ்சது?" என்றார்.

"என் தங்கச்சி."

"நீங்க அவங்களை அனுப்பியிருக்கலாம். அவங்க உங்களை அனுப்பிட்டாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஓர் இணைப்புக்கு ஒரு வரிசையில் நாற்பத்தெட்டு துளை. எட்டு இணைப்பு. அதற்கு இரண்டு வரிசை. மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. கணக்குப் போடாதே, தலை சுற்றும். இரண்டாவது வரிசை சும்மா கிடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். "உங்க தங்கச்சிக்கு எங்க மேல என்ன கோபம்?" என்கிறான் டீ கொடுத்தவன். அவளுக்கு என் மேல் உள்ள கோபத்தைத்தான் நீங்கள் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள் என்றேன்.

மண் நிரப்பிய சாக்குகளை அடியில் வைத்து, நேற்று நாலு வளைவுகளைத் தைத்து நிறுத்தினோம். நிற்கிறது. நான் போய்ச் சாய்ந்தேன். அப்போதும் நிற்கிறது!

நூலைப் பிள்ளைகள்தான் இழுக்கிறார்கள். ஒரே ஓர் இணைப்பை மட்டும் ஆசைக்கு நான் தைத்தேன். சொல்லிவிட்டேன், திட்டாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 30

என் தங்கச்சிக்கு,

உட்கார். மிஷினை நிறுத்து. பட்டன் கடைக்காரரையும் கூப்பிட்டு உட்கார வை. இதை உரக்கப் படிக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த நடுவர் முப்பது வருஷமாகப் பாலம் கட்டுகிற இன்ஜினியர். முகத்தைப் பார்த்தால் பாலமும் சிரிக்காது. வந்தவுடன் எங்கள் கூரையைப் பிடித்து உலுக்கினார். "இதுல விலா எங்கே?" "தையல்தாங்க விலா" என்றேன். பஸ்ஸுக்கும் வாசலிலும் நின்றவர்களில் பன்னிரண்டு பேரை அவரே பொறுக்கி எடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார். நாங்கள் ஒத்திகை பார்த்ததெல்லாம் நாற்பத்தைந்து கிலோ பிள்ளைகளை வைத்து. அவர் பொறுக்கியதில் வாட்ச்மேன் ஒருவர், மடியில் பையோடு இரண்டு பெண்கள், கடைசி இடத்தில் நம் கண் டாக்டரையும் தோற்கடிக்கிற கேன்டீன் மாஸ்டர்.

தோட்டக் குழாயைத் திறந்துவிட்டார்கள். பதினோரு பேர் மேல் ஒரு சொட்டு இல்லை. கேன்டீன் மாஸ்டரின் வலது பாதி மட்டும் தொப்பலாக நனைந்தது.

"ஏம்ப்பா, எனக்கு மட்டும்தான் மழையா?" என்றார் அவர்.

"பன்னிரண்டு பேருன்னா பன்னிரண்டு பேர். பதினொன்றரை இல்லை" என்றார் நடுவர். பேனாவைத் திறந்தார். பேராசிரியை தரையைப் பார்த்தார். "ஏன்", தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, ஏன் என்று கேட்காமல் நின்றாள்.

எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பேண்ட் ஏறாமல் எத்தனை மாப்பிள்ளைகள் நம் கடை வாசலில் நின்றிருக்கிறார்கள்! கைகள் தாமாகவே கத்தரியைத் தேடின.

"ஐயா, ஒரு அரை மணி நேரம் குடுங்க. பிரிச்சு விட்டுடறேன்."

"என்னது?"

"சுற்றளவு கூடிப்போச்சுங்க. ஆனா உள்ள விட்டிருக்கு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். "பிரி!" என்று கத்தினேன். ஐந்து பேரும் பாய்ந்தோம். எட்டு இணைப்பிலும் நூலை இழுத்து உருவி, சாக்குகளைத் தள்ளி, வளைவுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அந்தச் சும்மா கிடந்த இரண்டாவது வரிசைக்கு ஏற்றினோம். ஓர் இணைப்புக்கு இரண்டு அங்குலம். எட்டுக்குப் பதினாறு. மற்ற குழுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பஸ் வந்து போயிற்று. பெஞ்சுக்காரர்கள் ஒருவரும் ஏறவில்லை. வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டுச் சாக்கு தூக்கினார். இருபத்தெட்டாவது நிமிஷம் "ஏன்" கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

மறுபடி குழாய். நடுவரே கையில் வாங்கி, கேன்டீன் மாஸ்டர் பக்கமாகவே அடித்தார். பக்கவாட்டில் அடித்தார். பழி வாங்குகிற மாதிரி அடித்தார். மாஸ்டர் தோளைத் தட்டிப் பார்த்து, எழுந்து நின்று, "காய்ஞ்சு கிடக்கு!" என்று கத்தினார். அந்தத் தெருவே கைதட்டியது. டீ கொடுத்த பையன் என்னைத் தூக்கப் பார்த்தான். அந்த யோசனையை உடனே கைவிட்டான்.

நடுவர் குனிந்து இணைப்பைத் தடவினார். "முப்பது வருஷமா கட்டறேன். கட்டினதைப் பெருசாக்கணும்னா உடைக்கத்தான் தெரியும் எனக்கு. இது யார் யோசனை?"

"என் தங்கச்சி யோசனைங்க."

"எங்க படிச்சாங்க?"

"என் மேசைக்கு அந்தப் பக்கம்."

ஆண்டிலேயே அதிக மதிப்பெண், தங்கச்சி. எனக்கு இரண்டாம் ஆண்டு உறுதி. கூரையைப் பிரிக்கப் போவதில்லை. பஸ் நிறுத்தத்திலேயே நிரந்தரமாக விடுகிறார்கள். இன்னும் ஓர் அங்குலம் உள்ளே பாக்கி இருக்கிறது, கேன்டீன் மாஸ்டர் பெருத்தாலும் கவலை இல்லை.

இனி ஒன்று கேட்க வேண்டும். நேற்று மத்தியானம் நான் சாப்பிடப் போயிருந்தபோது யாரோ ஓர் அம்மா வந்தார்களாம். கூரையை வெளியே பார்க்கவே இல்லையாம். நேராகக் குனிந்து உள்பக்கத் தையலைப் பார்த்தார்களாம், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. பிறகு "ஏன்" பெண்ணிடம், "மூணாவது ஜாயின்ட்டுல தையல் தளர்வா இருக்கு, உங்க அங்கிள்கிட்ட சொல்லிடும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்களாம். செருப்பு கூடப் போடாமல் ஓடினேன். பஸ் திரும்பிவிட்டது.

மூன்றாவது இணைப்பு முதலிலும் நான் தைத்தது, அன்று அவசரத்தில் மறுபடியும் நான் தைத்தது. உலகத்தில் அது யாருக்குத் தெரியும்?

அண்ணன்

*

மே 7

அண்ணா,

பட்டன் கடைக்காரருக்கு இரண்டு முறை உரக்கப் படித்தேன். மூன்றாவது முறை அவரே வாங்கித் தெருவுக்குப் படித்தார். குழாய் வருகிற இடத்தில் கேன்டீன் மாஸ்டர் மாதிரி நடித்தும் காட்டினார்.

வந்தது நான்தான். பேச நிற்கவில்லை. நின்றிருந்தால் அழுதிருப்பேன், மற்ற தையலெல்லாம் நன்றாக இருந்தது. திரும்பும் பஸ்ஸுக்கு முன் கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் யாரோ, "இதை ஒரு டெய்லர் கட்டினாராம்" என்றார். "ரெண்டு டெய்லருங்க" என்றேன்.

எதிர்க்கடை மாஸ்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் வெட்டுமேசையில் இப்போது நான் நிற்கிறேன். உன் கத்தரி பெரிதுதான். இரண்டு கையாலும் பிடிக்கிறேன். கண் டாக்டருக்குப் புதுக் கோட்டு, என் கையால் முதல் வெட்டு. ஒன்றரை அங்குலம் விட்டேன். நேற்று போட்டுப் பார்த்தார், கண்ணாடி முன்னால் மூன்று சுற்று சுற்றினார்.

கடைப் பலகையில் "அண்ணன்" மேலிருந்த துணியை இன்று காலை எடுத்துவிட்டேன். நீ நினைப்பது மாதிரி அதை ஒட்டவோ ஆணி அடிக்கவோ இல்லை. ட்ரையல் பார்க்கப் போடுவோமே, பெரிய பெரிய தையல், அதைத்தான் பின்பக்கம் போட்டிருந்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

நூல் முனையை முதல் நாளிலிருந்தே வெளியே விட்டுத்தான் வைத்திருந்தேன்.

தங்கை